ஏழடித் தூண்டிலும் மூன்று ரப்பர் தவளைகளும்

நல்ல தூண்டில் ஒன்று ஒடியும்போது வரும் சத்தம் அப்பளம் நொறுங்கும் சத்தத்தைவிடச் சின்னது. அதனால்தான் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வாடகைக் காரின் டிக்கியை ஓங்கிச் சாத்தினேன். சரியாக மூடவில்லையே என்று இன்னொரு தடவையும் சாத்தினேன். யாருக்காவது ஒத்தாசை செய்யும் எண்ணம் எனக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். இந்த வருடத்துக்கானது அந்த வியாழக்கிழமை காலை, பிச்சாட்டூர் அணைக்கரையில் வந்தது.

என்னை அங்கே அனுப்பியவர் என் டாக்டர். ரத்த அழுத்தத்துக்கு மீன் பிடிப்பது நல்லது என்று சொன்னார். மீனின் ரத்த அழுத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர், மீன் பிடிக்கச் சொல்லித் தரும் முனிரத்தினத்தின் எண்ணைக் கொடுத்தார். சென்னையிலிருந்து புறப்பட்டு, ஆந்திர எல்லையைத் தாண்டி, காலை ஏழு மணிக்கெல்லாம் பிச்சாட்டூரில் ஆரணி ஆற்று அணையின் கரையில் நின்றேன்.

முனிரத்தினத்துக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. வெயிலில் காய்ந்த முகம். எல்லையோரத் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தெலுங்கில் முடிப்பார், நடுவில் எண்கள் மட்டும் இங்கிலீஷில் வரும். தெலுங்கு எனக்கும் ஓரளவு புரியும். என்னை ‘சார்’ என்பார், அடுத்த சொல்லிலேயே ‘நீ’ என்பார். இரண்டு மணி நேரம் எனக்கு விரால் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில், இரைக்குப் பதிலாக நூலில் கட்டும் அவருடைய ரப்பர் தவளைகள் மூன்றை நான் வேலமரத்தில் காய்க்க வைத்திருந்தேன். எதிர்க்கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். நான்தான் தூண்டிலை வாங்கி டிக்கியில் வைத்தேன். அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை. இரண்டு துண்டையும் எடுத்து, கிழிந்த நோட்டை ஒட்டிப் பார்ப்பதுபோல ஒட்டிப் பார்த்தார்.

“போச்சி,” என்றார். “ஞாயித்துக்கெழம பெங்களூர்காரங்க வராங்க சார்.”

அதற்குப் பிறகுதான் நான் ஒடித்தது எவ்வளவு என்று தெரிந்தது. மாங்காய் சீசனில் அவர் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிறார். சீசன் இல்லாத மாதங்களில் கிடைக்கிற கூலி வேலை. பெங்களூரில் தூண்டில் பைத்தியங்களின் குழு ஒன்று இருக்கிறது. அவருடைய விரால் வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று பேர் இந்த ஞாயிறு சோதித்துப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் மாதம் இரண்டு முறை ஆட்களைக் கூட்டி வருவார்கள். வழிகாட்டி அவர்தான். அவர்கள் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: பிடிக்கிற மீன் எதுவானாலும் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும்.

“புடிச்சி, போட்டோ எடுத்து, வுட்ருவாங்க சார். துன்ன மாட்டாங்க.” அவர் குரலில் கேலி இல்லை, கொஞ்சம் கவலைதான் இருந்தது. “அவங்க இஷ்டம். நான் ஒத்துக்கினேன்.”

அவரிடம் இருந்தது அந்த ஒரே தூண்டில். ஊரில் மற்றவர்கள் வலைக்காரர்கள். போனை எடுத்துப் பார்த்தேன். ஆன்லைனில் வாங்கினால் தூண்டில் வீட்டுக்கு வந்து சேர ஆறு நாள் என்று காட்டியது. பணமாகக் கொடுத்துவிடுகிறேனே என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“ராடைப் போட்டோ பாத்து வாங்க முடியாது சார். வளைச்சிப் பாக்கணும். நீ ஒடச்ச, நீயே வந்து வாங்கிக் குடு. காசு குடுத்தாப் போதும்னு இல்ல.”

டாக்டர் ஒரு நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை நான்கு நாளாக்கிக்கொண்டு, வாடகைக் காரை அனுப்பிவிட்டு, புத்தூரில் லாட்ஜ் ஒன்றில் படுத்தேன். மின்விசிறிக்கு ஒரே வேகம். அதுவும் அதற்கு விருப்பப்பட்ட நேரத்தில்.

வெள்ளிக்கிழமை சித்தூர்.

ஜூன் மாதச் சித்தூருக்குள் பஸ் நுழைவதற்கு முன்பே மாம்பழம் நுழைந்துவிடுகிறது. ஃபேக்டரி வாசல்களில் டிராக்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கிளிமூக்கு மாங்காயை ஏற்றிக்கொண்டு நிற்கின்றன. நேற்று வந்தவை, முந்தாநாள் வந்தவை. டிரைவர்கள் டிராக்டருக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்குகிறார்கள். சென்னையில் நான் கிலோ கணக்கில் பேரம் பேசி வாங்கும் பொருள் இங்கே சாலையோரத்தில் அழுகி ஈ மொய்த்துக் கிடந்தது. முதல் அரை மணி நேரம் அந்த வாசனை பிரமாதமாக இருந்தது. பிறகு யாரோ என்னை ஜாம் பாட்டிலில் போட்டு மூடியதுபோல் ஆனது.

வியாழன் அவருக்கு வார லீவு; ஞாயிறுக்கென்று சேர்த்து வைத்திருந்த லீவைத் தூண்டில் தேடும் இரண்டு நாளுக்குப் போட்டுவிட்டதால், முனிரத்தினம் முதலில் ஃபேக்டரிக்குப் போய் ஞாயிறும் லீவு கேட்டார். நான் வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் தெலுங்கில் பேசினார். அதன் சாரம் இது: “சீசனில் லீவா? தாராளமாக. ஞாயிறு லீவு, திங்கள் லீவு, அதற்கப்புறம் எல்லா நாளும் லீவு. சௌகரியம்தானே?”

முனிரத்தினம் வெளியே வந்தார்.

காதில் விழுந்ததை உறுதி செய்துகொள்ள, “என்ன சொன்னார்?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம வரலன்னா அப்பால வரவே வேணாமாம்.”

“என்ன செய்யப் போகிறீர்கள்?”

“ராடு வாங்கப் போறோம் சார். வா.”

ஒரு டிக்கிக் கதவைச் சாத்தியதால் ஒரு மனிதனின் சீசன் வேலை போகிறது என்பதை என் ரத்த அழுத்தம் நன்றாகவே கவனித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். களி உருண்டை, வேர்க்கடலைச் சட்னி, நாட்டுக்கோழிக் குழம்பு. சென்னையில் களி என்றால் ஜெயில் ஞாபகம் வரும். இங்கே அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நான் களியை மென்றேன். பக்கத்து மேசைக்காரர் பரிதாபப்பட்டுத் தெலுங்கில் சொன்னார்: “மெல்லக் கூடாது சார், முழுங்கணும். மென்றால் அதற்குக் கோபம் வரும்.” முழுங்கினேன். அது எனக்குள்ளே ஒரு இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைவரை எழுந்திருக்கவில்லை.

முனிரத்தினத்துக்குத் தெரிந்த கடை, மருந்தடிக்கும் மெஷின், தார்ப்பாய், கயிறு, வலை எல்லாம் விற்கும் கடை. மூலையில் ஒரு வாளியில் நாலைந்து தூண்டில்கள் குடைபோல் நின்றன. ஒன்று ரோஸ் நிறம். இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். எனக்கு உடனே பிடித்துவிட்டது. பையில் வைத்துக்கொண்டு போகலாமே.

முனிரத்தினம் அதன் நுனியைச் சுவரில் ஊன்றி லேசாக அழுத்தினார். தூண்டில் முழுசாக வில்போல் வளைந்தது.

“இது கொசு புடிக்கறதுக்கு சார். விராலு செடிக்கு அடியில குந்திகினு கீது. கடிச்சதும் நேரா வேருக்குள்ள பூந்துடும். அதை வெளிய இழுக்கணும்னா ராடு அடியில கட்டையா இருக்கணும், நுனியில மட்டும் வளையணும். இது மொத்தமும் வளையுது. மீனு நம்பள இழுத்துகினு போயிடும்.”

கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “திருப்பதிக்குப் போங்க. அங்க ஒரு நாமக்காரர் வெச்சிருக்கார்,” என்றார். தன்னிடம் இல்லாததை இல்லை என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. நன்றிக்கடனாக ஒரு தார்ப்பாய் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை திருப்பதி.

அந்த ஊரில் ஒரு மனிதன் வேறு வேலையாக வந்திருக்க முடியும் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஜீப்காரர், “கொண்டகா?” என்று மலையைக் காட்டினார். இல்லை என்றேன். டீக்கடையில், “தரிசனம் ஆயிடுச்சா?” இல்லை என்றேன். ஆட்டோ ஓட்டுநர் கேட்டபோது களைத்துப்போய் ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. எந்த தரிசனம், எத்தனை மணி நேரம், கூட்டம் எப்படி, தள்ளினார்களா? எல்லாவற்றுக்கும் பதில் தயாரிக்க வேண்டியதாயிற்று. பொய் சொன்ன பயத்தில் ஒரு தடவை மலையைப் பார்த்து மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். என்னைச் சுற்றி இருந்த கூட்டத்தில் பாதித் தலைகள் மொட்டை, சந்தனம் பூசிப் பளபளத்தன. இயற்கையாகவே பாதி மொட்டையான என்னைப் பார்த்து, வேண்டுதலை நடுவில் விட்டுவிட்டு வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

முனிரத்தினம் கடைக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“வந்த எடத்துல மீன் சாமான் வாங்கறோமே, அதுக்கு ஒரு சாரி,” என்றார்.

சந்துக்குள் இருந்தது கடை. உள்ளே ஊதுவத்தி வாசனை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் நெற்றியில் கச்சிதமான நாமம். சுவர் முழுக்கத் தூண்டில்கள், ரீல்கள், கண்ணாடிப் பெட்டிகளில் வண்ண வண்ணமாகப் பொய்ப்பூச்சிகள், பொய் மீன்கள், பொய்த் தவளைகள்.

“நான் சுத்த சைவம்,” என்று அவரே ஆரம்பித்தார். இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும். “மீனைக் கையால தொட்டதுகூட இல்ல. ஆனா மீனுக்கு எது மேல ஆசைன்னு என்னைக் கேளுங்கோ.”

தூண்டில் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஒரே படம். பச்சை நிறம், அகலமான வாய், ஏதோ புகார் சொல்ல வருவதுபோல் ஒரு மீன். இது என்ன மீன் என்றேன்.

“பாஸ்னு பேரு. நம்ப நாட்டுல கெடையாது. அமெரிக்காவுல இதைப் புடிக்கறதுக்குன்னே தனிப் படகு, தனித் தொப்பி, தனிக் கண்ணாடி. புடிச்சுட்டுத் திருப்பி விட்டுடுவா. இந்த சாமானெல்லாம் அதுக்காகப் பண்ணினது. நம்ப விராலுக்கும் அதே புத்தி. இலைக்குக் கீழ மறைஞ்சுண்டு, மேல எது ஓடினாலும் பாயும். அதனால அதுக்குப் பண்ணினது இதுக்கும் சரியா வரது.”

உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு மீன்களுக்கு ஒரே கோபம் இருக்கிறது, அதை நம்பித் திருப்பதியில் ஒரு வைஷ்ணவக் குடும்பம் பிழைக்கிறது. இதற்கு மேல் எனக்கு வேறு தரிசனம் தேவைப்படவில்லை.

முனிரத்தினம் வேலையைத் தொடங்கினார். பதினோரு தூண்டில்களை எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோணல் இருக்கிறதா என்று துப்பாக்கிபோல் பார்த்தார். நூல் ஓடும் வளையங்களுக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுச் சுரசுரப்பு இருக்கிறதா என்று தடவினார். பெரியவர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நூலில் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கித் தூக்கி இறக்கினார். ஆறடியா, ஆறரையா, ஏழா? ஏழு என்றார், தாமரை இலைக்கு மேலே வீசத் தூரம் வேண்டும். இரண்டாகக் கழற்றி மாட்டும் தூண்டிலா, ஒரே துண்டா? நான் அவசரமாக, கழற்றுவதே நல்லது, பஸ்ஸில் போக வேண்டும் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், குழந்தையைக் கழற்றி எடுத்துப் போகலாமே என்று நான் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

“நடுவுல மூட்டு இருந்தா மீனு சொல்றது கைக்கு வராது சார்,” என்றார் முனிரத்தினம்.

அடுத்தது தவளை. பெரியவர் ஒரு தட்டில் இருபது தவளைகளைக் கொட்டினார். ரப்பரால் ஆன, உள்ளே காற்றடைத்த தவளைகள். பின்பக்கம் இரண்டு கொக்கிகள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், செடியில் மாட்டாது. மீன் கடித்து அமுக்கினால்தான் கொக்கி வெளியே வரும். எனக்கு ஒன்றின்மேல் மனம் போயிற்று. பச்சை முதுகு, தங்கப் புள்ளிகள், சிவப்புக் கண். கோயில் நகைபோல் இருந்தது. முனிரத்தினம் அதை எடுத்துக் கவிழ்த்துப் போட்டார். இருபதையும் கவிழ்த்துப் போட்டார்.

“மீனு கீழேர்ந்து பாக்குது சார். அதுக்கு வயிறுதான் தெரியும். மேல போட்ட டிசைன் எல்லாம் நம்ப மாதிரி ஆளுங்களப் புடிக்கறதுக்கு.”

பிடிபட்ட மீனாக நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் வெள்ளை வயிறு ஒன்று, மஞ்சள் வயிறு ஒன்று, கறுப்பு ஒன்று எடுத்தார். ஒவ்வொன்றையும் அமுக்கி, டம்ளர் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். குமிழி வந்தால் ஓட்டை, தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். பிறகு பெரியவர் எங்களுக்குக் காபி வரவழைத்தார். டம்ளர் அதே ஜாடையில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

நான் பணம் கொடுத்த அந்த நொடியில் ஒரு மாற்றம் நடந்தது. இரண்டு மணி நேரமாகத் தூண்டிலைக் கையிலிருந்து இறக்காத முனிரத்தினம், அதைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். “எடுத்துக்க சார்.”

களைப்பு போல என்று எடுத்துக்கொண்டேன். ஏழடிக் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தேன். பஸ்ஸுக்குள் அது நிமிர்ந்து நிற்கவில்லை, படுக்கவும் இல்லை. குறுக்காகச் சாய்த்தபோது நுனி ஒரு பெண்மணியின் கொண்டைக்குள் போய்வந்தது. கண்டக்டர் தெலுங்கில் கேட்டார்: “இது உட்கார்ந்து வருகிறதா, நின்று வருகிறதா? அதற்கேற்ப டிக்கெட் கொடுக்கிறேன்.” முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் பயபக்தியோடு திரும்பிப் பார்த்தார்.

“சாமி, இது மேலேர்ந்து குடுத்தாங்களா?”

“இல்லம்மா. மீன் பிடிக்க.”

அவர் மடியிலிருந்த லட்டுப் பையை எடுத்துப் பேத்தியிடம் தள்ளி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கைகள் மரத்துப்போயின. கொஞ்ச நேரம் பிடியுங்கள் என்று முனிரத்தினத்திடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொடக் கூடாது சார்.”

“இத்தனை நேரம் தொட்டீர்களே?”

“அப்ப அது கடைக்காரர் ராடு. இப்ப உன் ராடு. எங்க பக்கத்துல வலையோ தூண்டிலோ, வாங்கினவங்க கையாலதான் போணி ஆவணும். மொத மீனு கரைமேல கீற கங்கம்மாவுக்கு. கொழம்பு வெச்சி அம்மா முன்னால படைக்கணும். அப்பாலதான் மத்தவன் கை வெக்கலாம். இல்லன்னா அதுல மீனே ஏறாது.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“நாளைக்குக் காலையில் பெங்களூர்க்காரர்கள் வருவதற்குள் இதில் ஒரு மீன் பிடித்தாக வேண்டுமா?”

“ஆமா சார்.”

“யார்?”

“நீதான்.”

“இதை ஏன் கடையிலேயே சொல்லவில்லை?”

“சொன்னா நீ வாங்கியிருக்க மாட்டியே.”

சாயங்காலமே போய் முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தோம். புத்தூரைத் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரும் அதே நிலையில் இருந்தது. எல்லாரும் இறங்கி, இருந்த ஒரே புளியமரத்தடியை நிரப்பினார்கள். கம்போடு அங்கே நுழைய முடியாமல் நான் வெயிலில் நின்றேன். போகிற வருகிற லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள், ஏதோ செக்போஸ்ட் என்று நினைத்து. பிச்சாட்டூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

முனிரத்தினத்தின் வீட்டில் அவர் மனைவி தேவகி சோறும் கீரைக் கடைசலும் போட்டார். தூண்டிலைக் கூரையின் குறுக்குக் கட்டையில் நானே ஏணி வைத்து ஏறிக் கட்ட வேண்டியிருந்தது. தேவகி கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதானா அந்த சார்? ராடு ஒடஞ்சதுக்கு இவரு அழுதாரு சார். எங்க நைனா செத்தப்ப ஒரு சொட்டு வரல இந்தக் கண்ணுல.”

“உங்க நைனா மீன் புடிச்சாரா?” என்றார் முனிரத்தினம், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

தேவகி அதைக் காதில் வாங்கவில்லை. என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஃபேக்டரியும் போச்சி. அவங்க வருவாங்கதானே சார்? வந்தா புடிச்சிக்கும்தானே?”

நான் தட்டை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் கீரை கேட்டேன்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அணைக்கரை. பழைய ரீலைப் புதுத் தூண்டிலில் மாட்டுவதுகூட என் கையால்தான். முனிரத்தினம் இரண்டடி தள்ளி நின்று, விரலால் காற்றில் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை வயிற்றுத் தவளையைக் கட்டினேன்.

“அந்தத் தாமரை இலைக்கு அந்தாண்ட போடு சார். போட்டுட்டு சும்மா இரு. அப்பால லேசா தத்தவுடு. கடிச்சதும் இழுக்காத. தவளைய வாயில மட்டும் வெச்சிருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. முழுங்கினப்புறம் தூக்கு.”

ஐந்தரை மணிக்கு முதல் கடி. தண்ணீர் துப்பாக்கி சுட்டதுபோல் வெடித்தது. நான் ‘ஒ’ என்பதற்குள் இழுத்துவிட்டேன். தவளை என் முகத்துக்கு நேராகப் பறந்து வந்தது. ஆறு மணிக்கு இரண்டாவது கடி. இந்தத் தடவை ‘ஒண்ணு’வரை போனேன். ஐம்பத்திரண்டு வருடமாக, யாராவது பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிப் பழகிய ஆசாமியை மூன்றுவரை எண்ணச் சொன்னால் எப்படி?

ஆறேகாலுக்குக் கரைமேல் ஜீப் வந்தது.

மூன்று பேர் இறங்கினார்கள். தலைவர் கிரீஷ், ஆஜானுபாகு, அகலத் தொப்பி, ஏகப்பட்ட பாக்கெட்டுகள் வைத்த சட்டை. ஆளுக்கு நாலு தூண்டில். தங்களுக்குள் கன்னடம், முனிரத்தினத்திடம் தெலுங்கு.

“உன் தூண்டில் எங்கே?” என்றார் கிரீஷ்.

“அதோ அந்த சார் கையில்.”

“அவர் யார்?”

“தூண்டிலுக்குச் சொந்தக்காரர்.”

கிரீஷ் என்னைப் பார்த்தார். நான் அப்போது என் காலரில் மாட்டிய கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி வெறுங்கையோடு நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நூறடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஆனால் வெறுங்கை முனிரத்தினம் பார்க்க வேண்டிய காட்சி. கரையோரம் குனிந்து நடந்தார். ஒரு இலை அசைந்தால் நின்றார். தண்ணீரில் இரண்டு குமிழி வந்தால் கையை உயர்த்தி, ஒரு விரலை நீட்டினார். அந்த விரல் காட்டிய இடத்தில் கிரீஷின் தவளை விழுந்தது, மூன்று எண்ணும் நேரம், விரால் மேலே வந்தது. எட்டரைக்குள் நான்கு விரால். ஒவ்வொன்றையும் ஈரக்கையால் தூக்கி, படம் எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் தண்ணீரில் விட்டார்கள். கிரீஷின் முகம் இளகியது.

நான் வீசிக்கொண்டே இருந்தேன். தோள் போயிற்று, மணிக்கட்டு போயிற்று. ஒன்பது மணி வெயில் பின்கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. மூன்று நாள் பஸ், லாட்ஜ் மின்விசிறி, இடம் பிடித்து உட்கார்ந்த களி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தின. தவளையை எங்கே போட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது. தண்ணீர் வெடித்தது. நான் அதைப் பார்த்தேன். ஓ, கடித்திருக்கிறது என்று நினைத்தேன். இழுக்க வேண்டும் என்றும் நினைத்தேன். கை கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சரி என்று தூக்கினேன்.

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

“வுடாத சார்! வுடாத! ராடு நுனிய மேல தூக்கு!” முனிரத்தினம் ஓடி வந்தார், தொடக் கூடாது என்பதால் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பெங்களூர்க்காரர்களும் ஓடி வந்தார்கள். முக்கால் கஜ நீளத்தில், பாம்புத் தலையோடு ஒரு விரால் கரையில் வந்து விழுந்தது. கிரீஷ் மண்டியிட்டு, கையை நனைத்துக்கொண்டு, இடுக்கியால் கொக்கியைப் பதமாக எடுத்தார். “அருமையான மீன்,” என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். “படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் விட்டுவிடலாம்.”

மீனோடு தண்ணீரை நோக்கித் திரும்பினார். முனிரத்தினம் அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“இது வேண்டாம் சார்,” என்றார் தெலுங்கில். புதுத் தூண்டில், போணி, கங்கம்மா எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னார்.

“போனிலேயே சொன்னேனே. ஒரே ஒரு கண்டிஷன் என்று.”

“சொன்னீர்கள். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் இது அதற்கும் முந்தி ஒத்துக்கொண்டது. இந்த ஒன்றுதான் சார். இதற்குப் பிறகு இந்த ராடில் வருவதெல்லாம் தண்ணீருக்கே.”

“நாங்கள் கண்டிஷனைத் தளர்த்துவதில்லை. போன வருடம் இதற்காகவே ஒரு வழிகாட்டியை நிறுத்திவிட்டோம்.”

முனிரத்தினம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே கையைக் கும்பிட்டார். மீனை விட்டுவிடலாம், எனக்கு நாளைக்கு வேறு மீன் கிடைக்கும் என்று நான் வாயைத் திறந்தேன். எனக்கு நாளைக்கு எந்த மீனும் கிடைக்காது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். நான்கு நாளில் இந்த மனிதனுடைய தூண்டிலை ஒடித்தேன், ஃபேக்டரி வேலையைப் போக்கினேன், இப்போது ஒரு மீனைப் பிடித்துத் தொலைத்தேன்.

கிரீஷ் நண்பர்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். ஒருவர் தோளைக் குலுக்கினார். கிரீஷ் மீனை முனிரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி, வேறு பக்கம் பார்த்து வீசினார்.

தேவகி வந்து மீனை வாங்கிக்கொண்டு போனார். பத்தரைக்குக் குழம்பு கங்கம்மா முன்னால் இருந்தது. அதுவரை முனிரத்தினம் வழக்கம்போல் விரலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர்களும் வீசிக்கொண்டுதான் இருந்தார்கள். மீனும் வந்தது. பேச்சுதான் இல்லை.

பதினோரு மணிக்குச் சாமான்களை ஜீப்பில் ஏற்றினார்கள். கிரீஷ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“அடுத்த தடவை ஏழு பேர் வருவோம்,” என்றார் தெலுங்கில். “ஏழு பேருக்கும் இடம் காட்ட நீ ஒருத்தன் போதுமா?”

முனிரத்தினம் வேகமாகத் தலையை ஆட்டினார். “போதும் சார்.”

“ஏழு பேரில் யாராவது புதுத் தூண்டில் கொண்டுவந்தால்? அந்த மீனும் உங்கள் அம்மாவுக்கா?”

முனிரத்தினம் நிஜமாகவே யோசித்தார். “அது உங்கள் ராடு சார். உங்கள் ஊர் அம்மா என்ன சொல்கிறாளோ அதன்படி.”

அன்று காலை முதன்முறையாக கிரீஷ் சத்தமாகச் சிரித்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்றார். ஜீப் கரையேறி, வளைவில் திரும்பி, புழுதியாகிப் போனது.

“குடு சார்,” என்று முனிரத்தினம் கையை நீட்டினார்.

என் விரல்கள் தூண்டில் பிடியைச் சுற்றி இறுகிக் கிடந்தன. அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, ஒரே ஒரு தடவை வீசினார். தவளை சத்தமே இல்லாமல், நான் காலையிலிருந்து எட்ட முடியாத ஒரு இலையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் வெடித்தது. அவர் உதடு மூன்று எண்ணியது. தூக்கினார்.

என்னுடையதைவிடப் பெரியது. அதைக் கரைக்குக்கூடக் கொண்டுவரவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து கொக்கியைக் கழற்றி, தண்ணீருக்குள் இரண்டு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அது வாலை ஒரு தடவை ஆட்டியதும் விட்டுவிட்டார்.

“ஜீப்தான் போய்விட்டதே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றேன்.

“போனா இன்னா சார்?” என்றார், கையை அலம்பிக்கொண்டே. “ஏறி வா, கொழம்பு ஆறுது.”